நானோ-க்ளோவும் ஒளிரும் ஃப்ளூ வைரஸும்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

ஃப்ளூ ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு, வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பிளேக் அசே பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த எம்.டி.சி.கே செல்களைத் தட்டில் வளர்த்து, வைரஸை விட்டு, மேலே அகரோஸ் என்ற கூழ் ஊற்றி, இரண்டு மூன்று நாள் காத்திருந்து, கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டு, செல்கள் செத்து விழுந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. நம்பகமான முறை. ஆனால் பத்து மருந்துகளை எட்டெட்டு அளவுகளில் சோதிப்பதென்றால் ஒரு மாதம் ஓடிவிடும். அதற்காகத்தான், நானோலுக் என்ற ஒளி உமிழும் நொதியின் மரபணுவைச் செருகிய வைரஸுக்கு மாறினோம். கூடவே, அந்த நொதியை ஒளிரவைக்கும், புரோமெகா நிறுவனத்தின் நானோ-க்ளோ ரீஏஜென்ட். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வைரஸ். ஃப்ளூ ஏ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் புது வைரஸுக்குள் சரியாக ஏறுவதற்கான அடையாள வரிசைகள் அதன் இரண்டு முனைகளிலும் உண்டு. அந்த முனையைக் கலைத்தால் துண்டு ஏறாது. பெரிய மரபணுவைச் செருகினால் வைரஸ் தளர்ந்துபோகும், சில தலைமுறைகளில் செருகியதை உதறியும் விடும். இங்கேதான் நானோலுக்கின் அருமை. மின்மினியின் ஒளி நொதியான லூசிஃபெரேஸ் 550 அமினோ அமில நீளம். ஆழ்கடல் இறால் ஒன்றின் நொதியிலிருந்து உருவாக்கி 2012இல் வெளியிட்ட நானோலுக் வெறும் 171. வெளிச்சமோ சுமார் 150 மடங்கு அதிகம்.

2013இல் மேடிசனிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதை, அந்த எட்டில் ஒன்றான, வைரஸ் தன்னை நகலெடுக்க உதவும் பி.ஏ புரதத்துக்கான துண்டின் கடைசியில் கோத்தது. பி.ஏ புரதத்துக்கும் நானோலுக்குக்கும் நடுவே 2ஏ என்ற சிறிய வரிசை. ரைபோசோம் அந்த இடத்தில் ஒரு பிணைப்பைப் போடாமல் தாண்டிவிடும், இரண்டும் தனித்தனிப் புரதமாக வெளியே வரும். பி.ஏவின் கடைசிப் பகுதியை, புரதம் மாறாதபடி மரபணு எழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டு, அசல் வரிசையை நானோலுக்குக்குப் பின்னால் திரும்ப வைத்தார்கள். ஏறுவதற்கான அடையாளம் முனையிலேயே இருந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. நாங்களும் இதே அமைப்பில் எட்டு பிளாஸ்மிட் (துண்டுக்கு ஒன்றாக வட்ட டி.என்.ஏ) வைத்து எங்கள் வைரஸை உருவாக்கினோம்.

சரி, ரீஏஜென்ட். பஃபர் கரைசல் ஐம்பது பங்கு, நொதி ஒளிர்வதற்குப் பயன்படுத்தும் சப்ஸ்ட்ரேட் ஒரு பங்கு. கலக்கி, வெல்லில் (தட்டின் சிறு குழியில்) இருக்கும் திரவத்தின் அளவுக்கே விட்டு, மூன்று நிமிடம் பொறுத்துப் படித்தால் போதும். வெளிச்சம் சட்டென்று அணைவதில்லை. பாதியாகக் குறையவே இரண்டு மணி நேரம் போல ஆகும், அதனால் ஐந்தாறு தட்டுகளை வரிசையாக நிதானமாகப் படிக்கலாம். மாலையில் தொற்றவைத்து மறுநாள் காலையில் எண்கள் கையில். மலிவான பொருள் இல்லை. ஆனால் மிச்சமாகும் நாட்களைக் கணக்கில் எடுத்தால் எனக்குக் கட்டுப்படியாகிறது.

இப்போது கவனிக்க வேண்டியது. போன வருடம் பலோக்ஸாவிர் சோதனை ஒன்றை நானும் என் ஜூனியர் தம்பியும் செய்தோம். ஃப்ளூ மருந்துகளிலேயே எங்களுக்கு நன்றாகப் பழகியது, பி.ஏ புரதத்தைத்தான் பிடிக்கும். கடைசி வரிசையில் மருந்து மிக அதிகம், அங்கே வெளிச்சம் பின்னணி அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. "அக்கா, வைரஸ் தப்பிச்சிடுச்சா?" என்று கேட்டான். எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு தட்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். அந்த வெல்களுக்கு நேர் பக்கத்திலேயே மருந்தே இல்லாத வைரஸை வைத்திருந்தேன். அதன் வெளிச்சம் சுவரைத் தாண்டி இங்கே கசிந்திருக்கிறது. இடையில் ஒரு வரிசையைக் காலியாக விட்டுத் திரும்பச் செய்ததும் எண் அடியில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு பிரகாசமான நொதிக்கு வெள்ளைத் தட்டு மட்டும் போதாது, இடைவெளியும் வேண்டும்.

இன்னொன்று: நானோலுக் உறுதியான புரதம். செத்த செல்களிலிருந்து வெளியேறி, நாம் சேமித்து வைக்கும் வைரஸ் திரவமான ஸ்டாக்கிலேயே மிதக்கும். தொற்றவைத்த பிறகு செல்களை நன்றாகக் கழுவாவிட்டால், வைரஸ் பெருகும் முன்பே தட்டு மினுங்கும். அதேபோல, தொற்று முற்றிய பிறகு மருந்து கொடுத்தால், ஏற்கெனவே உண்டான நொதி அப்படியே இருப்பதால் மருந்து வேலை செய்யாதது போலத் தெரியும். வெளிச்சம் வைரஸ் புரதம் தயாரான அளவைத்தான் காட்டுகிறது, வெளியே வந்த வைரஸை அல்ல. அதனால் முக்கியமான முடிவுகளை இன்றும் பிளேக் அசே வைத்துத்தான் உறுதி செய்கிறேன். இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகளிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

வைரஸ் நானோலுக்கை உதறிவிட்டதா என்று ஸ்டாக்கையும் சோதிக்க வேண்டும். எங்கள் இரண்டாவது பாசேஜில் (செல்களில் இரண்டாம் முறை வளர்த்த வைரஸில்) 24 பிளேக்குகளைத் தனித்தனியே எடுத்து வளர்த்து ரீஏஜென்ட் விட்டோம். இருபத்துநான்கும் ஒளிர்ந்தன. அதற்கு மேல் வளர்த்துக்கொண்டே போகாமல் சிறு சிறு குழாய்களாக மைனஸ் எண்பது டிகிரியில் வைத்திருக்கிறோம்.

எந்த செல்லில் தொற்று, எதில் இல்லை என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இது உதவாது. வெல்லின் மொத்த வெளிச்சம் மட்டுமே கிடைக்கும். அதற்கு 2015இல் வைரஸ் ஆய்வாளர் கவாவோகாவின் குழு வெளியிட்ட கலர்-ஃப்ளூ போன்ற, நான்கு நிறங்களில் ஒளிரும் வைரஸ்கள் பொருத்தம். எலிகளில் நான் செய்ததில்லை. ஆனால் அந்த மேடிசன் குழு ஒரே எலியை உயிரோடு நாள்தோறும் படமெடுத்து நுரையீரலில் தொற்று பரவுவதைப் பார்த்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூட்டம் எலிகளைக் கொன்றுதான் இதைப் பார்க்க வேண்டும். அது குறைகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். நானோலுக்கின் நீல ஒளியைத் திசு அதிகம் உறிஞ்சும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சோதனை, நோயெதிர்ப்பு சீரம் சோதனை இரண்டுக்கும் தயங்காமல் வாங்கலாம். அடுத்த மாதத்துக்கு இன்னொரு பாட்டில் ஆர்டர் போட்டிருக்கிறேன். அதோடு அகரோஸும் கிரிஸ்டல் வயலட்டும்.