டோனிங் உள்ள வெள்ளிக் காசுக்கு எந்த உறை? மென்பிளாஸ்டிக் அல்பமும் அட்டை ஹோல்டரும்

இயற்கையாக நிறமேறிய (இதுவே டோனிங்) பழைய வெள்ளிக் காசை, வளையும் மென்பிளாஸ்டிக் பைகள் உள்ள அல்பத்தில் வைக்கவே கூடாது. அந்தப் பை பெரும்பாலும் பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் கொழும்பு வெக்கையில் கசிந்து காசில் ஒட்டும். பிவிசி சிதையும்போது வரும் அமிலம் உலோகத்தையே அரிக்கும். எழுத்துகளின் ஓரத்தில் பச்சையாகப் பிசுபிசுத்தால் அது டோனிங் இல்லை, இந்தக் கேடுதான்.

ஆரம்பத்திலேயே கண்டால் காப்பாற்றலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிடுங்கள், தேய்க்காதீர்கள். பிசுக்குக் கரையும், வெள்ளி சல்பைட்டுப் படலமான டோனிங் அப்படியே இருக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

மைலார் என்ற தெளிந்த பொலியெஸ்டர் தாளில் சாளரம் வைத்த இரண்டங்குல அட்டை ஹோல்டர் மலிவானது, நல்லது. அளவில்தான் பலர் தவறுகிறார்கள். பிரித்தானிய இந்திய ரூபாவுக்கு 30.5 மில்லிமீற்றர் விட்டம், அதற்கு 32.5 மில்லிமீற்றர் சாளரம் சரி. அதைவிடப் பெரிதானால் காசு உள்ளே ஆடி, மன்னரின் கன்னத்தில் நிறம் தேய்ந்து வெறும் வெள்ளி தெரியும். ஒட்டும் வகையின் பசை சூட்டில் இளகும், ஆகவே ஸ்டேப்ளர் வகையே மேல். பின்னின் கால்களைக் குறட்டால் தட்டையாக நசுக்குங்கள். விட்டால் பக்கத்து உறையைக் கிழித்து அந்தக் காசையும் கீறும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பின் துருப்பிடிக்கும், அடிக்கடி பாருங்கள்.

மைலாரின் தெளிவுக்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்தால் மஞ்சள், செம்மை, நீலம் என்று நிறம் ஒன்றுக்குள் ஒன்று வழுகும், அடியில் மினுக்கம் சுழலும். படலம் தடிக்கும் ஒழுங்கு அதுதான். மஞ்சள் ஓரமே இல்லாமல் நீலம் திட்டாக நின்றால் செயற்கையாக ஏற்றிய நிறமோ என்று சந்தேகியுங்கள். மங்கிய பிவிசி பைக்குள் இதெல்லாம் தெரியாது, வாங்குமுன் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அட்டை ஹோல்டரின் குறை, காற்றைத் தடுக்காது. நாளடைவில் நிறம் கறுப்பு வரை போகலாம். இலங்கையின் 1957 புத்த ஜயந்தி 5 ரூபா போன்ற நல்ல காசுகளுக்குக் கடின அக்ரிலிக் காப்ஸ்யூல் வாங்குங்கள். அதை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். ரப்பர் பட்டியை மட்டும் அந்தப் பெட்டிக்குள் விடாதீர்கள், அதிலிருக்கும் கந்தகமே வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும்.