பந்திங் பக்கம் ஒரு ஜாவா கடை: தெம்பேக்காகவே போகலாம்

மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங்கிலிருந்து மோரிப் போகிற வழியில், செம்பனைத் தோட்டம் முடிந்து கம்பம் (கிராமம்) தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, 'நாசி அம்பெங்' என்று எழுதிய துணி ஒன்று தொங்கும், அவ்வளவுதான் அடையாளம். காலையில் தோட்டத்து ஆட்கள், லாரிக்காரர்கள், ஸ்கூலுக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் நம் அக்காமார்கள் என்று மேசை எல்லாம் நிறைந்துவிடும்.

கோலா லங்காட் வட்டாரத்தில் ஜாவாக்காரர்கள் அதிகம். நம் ஆட்களைக் கங்காணிகள் அழைத்து வந்த காலத்திலேயே அவர்களில் பலரும் ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டங்களுக்கு வந்தவர்கள், வேறு சிலர் காட்டை வெட்டித் தென்னையும் கமுகும் போட்டுக் கம்பத்திலேயே தங்கிவிட்டார்கள். அதனால் இங்கே கிடைப்பது மால் சாப்பாட்டுக் கடைகளின் 'ஜாவா ஸ்டைல்' இல்லை, வீட்டில் சமைக்கிற சமையல்.

நாசி அம்பெங் என்பது கெந்துரி (விருந்து) சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் வாழையிலை போட்டு, நடுவில் சோறு, சுற்றிலும் சோயா சாஸில் சமைத்த கோழி, வறுத்த மீ (நூடுல்ஸ்), தேங்காய்த் துருவலை வறுத்த செருண்டிங், காரமான சம்பல் கோரெங், பொரித்த கருவாடு என்று வைத்து நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடையில் ஒருவருக்கும் தருகிறார்கள், 9 வெள்ளி (ரிங்கிட்). கோழி கொஞ்சம் இனிப்புத்தான், காரத்துக்குப் பழகிய நமக்கு முதல் வாயில் சப்பென்று இருக்கும். சம்பல் கோரெங்கைப் பிசைந்துகொண்டால் சரியாகிவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தக் கடைக்குப் போவதே தெம்பே என்கிற சோயாக் கட்டிக்காகத்தான். கடைக்கார அம்மா, மக்சிக், அதை வெளியில் வாங்குவதில்லை. சோயாவை வேகவைத்துத் தோலை நீக்கி, பூஞ்சை வித்து தூவி, வாழையிலையில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அடுப்படிக்குப் பக்கத்துப் பலகையில் அடுக்கி வைத்திருப்பார், ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாகப் படர்ந்து பருப்பெல்லாம் ஒரே கட்டியாக இறுகியிருக்கும். அதை மெல்லிசாக அரிந்து மஞ்சளும் உப்பும் போட்டுப் பொரிக்கும்போது ஓரம் மட்டும் மொறுமொறுவென்றும் நடுவில் பருப்பு பருப்பாகவும் இருக்கிற பதம், பிளாஸ்டிக் பாக்கெட்டில் வாங்கும் தெம்பேயில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அடுத்து பெச்சல். கங்கோங் கீரை, தவுகே (முளைப்பயறு), பயிற்றங்காய், மேலே கடலைக் குழம்பு. இதை சாத்தேக்கு (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) தொட்டுக்கொள்ளும் குழம்பு என்று நினைத்துவிடாதீர்கள், கச்சோலமும் எலுமிச்சை இலையும் சேர்த்து இடிப்பதால் வாசனையே வேறு. சைவக்காரர்கள் கவனிக்க, குழம்பில் பெலாச்சான் (இறால் விழுது) உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் செருண்டிங்கைக் கேட்டு வாங்குவது நல்லது, சில நாள் அதில் இறைச்சியும் சேரும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "அண்ணே, இன்னைக்கு மாடு இருக்கு, அதை விட்டுட்டுப் போடறேன்" என்று மக்சிக்கே மலாயில் சொல்லிவிட்டார். எத்தனை கடையில் இப்படிச் சொல்கிறார்கள்?

சோத்தோ என்கிற சூப் மட்டும் வேண்டாம். 6 வெள்ளி வாங்கிக்கொண்டு தருகிறது, தண்ணீர் கூடிப்போன ரசம் மாதிரி இருக்கிறது. உள்ளே போடுகிற பெகெடில் என்கிற உருளைக்கிழங்கு வடை நன்றாக இருப்பதால் அதைத் தனியாக வாங்கிச் சாப்பிடலாம்.

குறை என்றால் இடம்தான். மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் காசு வாங்குகிற மேசைப் பக்கம் திரும்பியிருக்கும். கை கழுவும் குழாய் கொட்டகைக்குப் பின்னால், மழை பெய்தால் சேற்றில்தான் நடக்க வேண்டும். ஒரே பையன் தண்ணீரும் கலக்கி, தட்டும் எடுத்து, கணக்கும் பார்ப்பதால் தே ஓ (பால் இல்லாத தேநீர்) வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவீர்கள், உட்காரும்போதே தண்ணீரைச் சொல்லிவிடுங்கள்.

பத்து மணிக்கு மேல் போனால் தெம்பே இருக்காது. வெள்ளிக்கிழமை கடை இல்லை. ரெம்பெயெக் (மொறுமொறு தட்டை) பாக்கெட் 5 வெள்ளி, வேர்க்கடலை போட்டதை வாங்குங்கள், நெத்திலி போட்டதில் உப்பு அதிகம்.