பெர்த் கடலோரத் தோட்டம்: மூன்று கோடை தாண்டி நிற்கும் ஆஸ்திரேலியப் புதர்கள்

பெர்த் நகரின் கடலோரத் தெருக்களில் வீடு வாங்குபவர்கள் நர்சரிக்குப் போனால் பூவைப் பார்த்துத்தான் செடி எடுக்கிறார்கள். முதல் ஆண்டு எல்லாம் நன்றாகவே இருக்கும். மழைக்காலத்தில் நட்ட கன்று, தொட்டி மண்ணோடு வந்த உரத்திலேயே ஓட்டிவிடும். குட்டு வெளிப்படுவது இரண்டாவது கோடையில். மூன்றாவது கோடையும் தாண்டிய செடியைத்தான் இந்த இடத்துக்கு ஒத்துக்கொண்டது என்று சொல்லலாம். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் மண். கடலை ஒட்டிய மணல்மேடுகளுக்கு குவிண்டாலப் என்று பெயர். சிப்பித்தூள் கலந்த சுண்ணாம்பு மணல். பிஎச் 8-க்கு மேல். கொஞ்சம் உள்ளே போனால் ஸ்பியர்வுட் மணல், அதற்கும் கிழக்கே பாசண்டீன் என்ற வெளுத்த அமில மணல். ஒரே நகரத்தில் மூன்று மண். பாசண்டீனில் செழித்த செடியைப் பார்த்து கடலோரத்தில் வைத்தால் மஞ்சளாகத்தான் நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி: அரை அடி ஆழத்து மணலை ஒரு ஸ்பூன் எடுத்து வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மணல். கந்தகம் போட்டு அதை மாற்றப் பார்ப்பது வீண் செலவு. கரையக் கரையச் சுண்ணாம்பு அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. மண்ணுக்கேற்ற செடியைத் தேடுவதே மலிவு.

அடுத்தது காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து வரும் கடற்காற்றை இங்கே 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்பார்கள். வெயிலில் வாடும் மனிதருக்கு அது வைத்தியர். கொழுந்து இலைக்கு அப்படி இல்லை. உப்பையும் மணலையும் சேர்த்து அடிக்கும். அதனால் செடிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும்: நேரே அடி வாங்கும் முன்வரிசை, அதன் மறைவில் இரண்டாவது வரிசை, அதற்கும் பின்னால் மற்றவை. முன்வரிசை சரியாக அமைந்தால் பின்னால் என்ன வைத்தாலும் பாதி வேலை முடிந்தது.

முன்வரிசைக்கு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் ஒலேரியா ஆக்ஸிலாரிஸ். வெள்ளிச் சாம்பல் நிற இலை. அடிப்பக்கம் வெண்பஞ்சு போர்த்திய மாதிரி இருக்கும். கசக்கினால் மூலிகை வாசம். பூ கண்ணுக்கே தெரியாது, அதனால் நர்சரியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கடலைப் பார்த்து எந்த மறைப்பும் இல்லாமல் நிற்கும். 2 மீட்டர் உயரம் போகும். வேலியாக வேண்டுமென்றால் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை, எதிரெதிராக வராமல் மாற்றி மாற்றி நடலாம். கவாத்துக்கும் நன்றாகக் கட்டுப்படும். குறை ஒன்று: அதிகத் தண்ணீர் கொடுத்துச் செல்லமாக வளர்த்தால் கிளை நீண்டு தொய்ந்து நடுவில் பிளந்துவிடும்.

அதன் காலடியில் ஸ்கேவோலா கிராசிஃபோலியா. தடித்த, பளபளப்பான இலை. விசிறிபோல் பாதி விரிந்த நீலப்பூ. மன்னார் வளைகுடாக் கரையில் இதே பேரினத்துச் செடியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூ அந்நியமாக இருக்காது. 1 மீட்டர் உயரம்தான், ஆனால் அகலம் 2 முதல் 3 மீட்டர் வரை. நர்சரியின் சிறு குழாய்த்தொட்டியில் விரல் நீளம் இருக்கும் கன்றைப் பார்த்து 50 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நடுபவர்கள் மூன்றாம் ஆண்டு பாதியைப் பிடுங்க வேண்டி வரும்.

ராகோடியா பக்காட்டாவும் இதே வரிசைக்குரியது. சின்னச் சின்னச் சிவப்புப் பழம், பறவைகள் வரும். எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். அழகு என்று சொல்ல முடியாது. சாகாது என்று சொல்லலாம்.

வெஸ்ட்ரிஞ்சியா ஃப்ரூட்டிகோஸா இல்லாத கடலோரத் தெரு பெர்த்தில் இல்லை. இது இந்த ஊர்ச் செடியே கிடையாது, கிழக்கே நியூ சவுத் வேல்ஸ் கரையைச் சேர்ந்தது. இருந்தாலும் சுண்ணாம்பையும் உப்பையும் பொறுக்கிறது, கத்தரிக்கு அடங்குகிறது, ஆண்டில் பெரும்பகுதி வெள்ளைப் பூ வைக்கிறது. வேலிக்கு 70 செ.மீ. இடைவெளி போதும். குள்ளமாக வேண்டுமென்றால் 'கிரே பாக்ஸ்' ரகம், தரையோடு படர 'முண்டி'. இதைக் கெடுப்பது கவாத்து விஷயத்தில் காட்டும் சோம்பல். இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டு ஒரேயடியாக இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அந்த இடம் திரும்பத் துளிர்க்காது. வேலியில் நிரந்தர ஓட்டை. நட்ட முதல் ஆண்டிலிருந்தே, ஆண்டுக்கு இரண்டு முறை, நுனியில் ஒரு விரல்நீளம் மட்டும் எடுத்துக்கொண்டே வர வேண்டும். இலை உள்ள பகுதியைத் தாண்டிக் கத்தரி போகக் கூடாது.

இரண்டாவது வரிசையில்தான் பூவைப் பற்றி யோசிக்கலாம். மெலலூக்கா ஹ்யூகெலி சுண்ணாம்புப் பாறை மேலேயே வளரும் உள்ளூர்ச் செடி. வசந்தத்தின் பிற்பகுதியில் குச்சி குச்சியாய் வெண்பூ, 3 மீட்டருக்கு மேல் உயரம். டெம்பிள்டோனியா ரெட்யூஸா குளிர்காலத்தில், மற்றதெல்லாம் சும்மா இருக்கும்போது, செக்கச் செவேல் என்று பூக்கும். தேன்சிட்டு மாதிரி அலகு நீண்ட பறவைகள் விடாது வரும். ஆனால் முதல் இரண்டு ஆண்டு வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது. செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்தவர்கள் நிறைய. கிரெவில்லியா ஒலிவேசியா, கிரெவில்லியா கிரித்மிஃபோலியா இரண்டும் சுண்ணாம்பு மணலைத் தாங்கும் கிரெவில்லியாக்கள். முதலாவது 3 மீட்டர் வரை உயரும், இரண்டாவதில் தாழ்ந்து படரும் வகை உண்டு. கடையில் பெரிய பூவோடு கண்ணைப் பறிக்கும் 'ராபின் கோர்டன்' போன்ற கலப்பின ரகங்கள் இந்த மண்ணில் வெளிறிப்போகும். போதாததற்கு அதன் இலை சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். குழந்தைகள் ஓடும் நடைபாதை ஓரத்தில் வேண்டாம்.

பேங்க்சியா வேண்டுமென்றால் பேங்க்சியா செசிலிஸ். முள்ளிலை, வெளிர்மஞ்சள் பூ. சுண்ணாம்புப் பாறைமேல் இயல்பாக வளர்வது. அழிவின் விளிம்பில் இருக்கும் கார்னபி கருங்காக்கட்டூ என்ற கிளி இதன் விதையைத் தின்னும். கடலை நேரே பார்த்து வைக்காமல் ஒலேரியாவின் மறைவில் வையுங்கள்.

ஏமாற்றுகிறவையும் உண்டு. லூகோஃபைட்டா பிரவுனியை வெள்ளிக் கம்பியால் பின்னிய பந்துபோல் இருக்கும். எல்லாத் தோட்டப் புகைப்படத்திலும் அதுதான். உப்புக் காற்றுக்கு அசையாது. ஆனால் மூன்று நான்கு ஆண்டில் நடு கருத்துப் பொக்கையாகிவிடும், மேலிருந்து தண்ணீர் தெளித்தால் இன்னும் சீக்கிரம். இதை நிரந்தரச் செடியாக எண்ணாமல், இலையுதிர் காலத்தில் நுனித் தண்டில் பத்துத் துண்டு வெட்டி மணலில் ஊன்றி வைத்தால் மாற்றுக் கன்று எப்போதும் கையில் இருக்கும். அடெனாந்தோஸ் செரிசியஸ், தடவத் தடவ மெத்தென்றிருக்கும் செடி, கிறிஸ்துமஸ் மரமாகத் தொட்டியில் விற்பது. வேர்ச் சலனம் அதற்கு ஆகாது. ஃபைட்டோஃப்தோரா வேரழுகலும் எளிதில் தாக்கும். நேற்றுவரை பச்சையாக நின்றது ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடும். அதை நம்பி வேலி போட வேண்டாம், தனிச்செடியாக இருக்கட்டும்.

லெப்டோஸ்பெர்மம் லேவிகாட்டம், அதாவது கடற்கரை டீ-ட்ரீ, பழைய தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஆஸ்திரேலியச் செடிதான், ஆனால் கிழக்குக் கரைச் செடி. மேற்கில் காட்டுக்குள் புகுந்து களையாகிவிட்டது. வெட்டும்போது கிளையிலுள்ள காய்கள் காய்ந்து விதையைக் கொட்டும். காயுள்ள கிளைகளை அங்கேயே போடாமல் உடனே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அகேஷியா ரோஸ்டெல்லிஃபெரா உள்ளூர்க்காரன், உப்பைத் தாங்குவான், ஆனால் வேரிலிருந்து கன்று கன்றாய்க் கிளம்பி நடைபாதைக் கல்லையும் தாண்டுவான். இடம் பெரிதாக இருந்தால் மட்டும்.

நடுகிற முறை

நடுவதற்குக் காலம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் பருவக் கணக்கில் ஜெரான் முடிந்து மகுரு தொடங்கும் வேளை. முதல் நல்ல மழை மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு நட்டால் வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும். 200 மி.மீ. தொட்டியில் வாங்குவதைவிட 50 மி.மீ. சதுரக் குழாயில் வரும் சிறு கன்றே மேல். பெரிய தொட்டியில் வேர் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றில் ஆடி ஆடித் தூர் தளர்ந்துவிடும். குழாய்க் கன்று இரண்டு ஆண்டில் அதை எட்டிப் பிடிக்கும், விலையும் குறைவு.

கோடை மணல் தண்ணீரை உள்ளே விடாது. மட்கிய இலையின் மெழுகு மணல் துகளில் படிந்து, ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடும். மணலைத் தண்ணீர் ஏற்க வைக்கும் 'வெட்டிங் ஏஜென்ட்' என்று நர்சரியில் கேட்டு வாங்கி, பையில் சொன்ன அளவில் கலந்து ஊற்றிவிட்டுத் தோண்டுங்கள். குழி தொட்டியைப் போல் இரு மடங்கு அகலம், ஆழம் அதே அளவு. குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு மறுபடி ஊற்றி, அதன் பிறகே கன்று. குழிக்குள் கம்போஸ்ட் போடக் கூடாது. சுற்றிலும் 5 செ.மீ. பள்ளமான தட்டுபோல் விட்டால் தண்ணீர் தூரிலேயே இறங்கும். மூடாக்குக்கு 5 முதல் 7 செ.மீ. கனத்தில் முரட்டு மரச்சில்லு; தூள் மூடாக்கு சாரல் மழையைத் தானே குடித்துவிடும். தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விடுங்கள். முன்வரிசையில் சில்லு பறக்கும். அங்கே தென்னைநார் வலையை விரித்துக் கம்பி முளை அடிப்பது நல்லது.

முதல் ஆண்டு காற்றுத் தடுப்பு அவசியம். பாதி காற்றை விடும் 50 சதவீத நிழல்வலை போதும். இரும்புத் தகட்டு வேலி முழுதாய்த் தடுக்கும் என்று நினைப்பார்கள். காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடியை முறிக்கும். தகட்டின் சூடும் சேர்ந்து அடிக்கும். வேலியிலிருந்து 1 மீட்டராவது தள்ளி நடுங்கள்.

தண்ணீர்: முதல் கோடை வாரம் ஒருமுறை, செடிக்கு 8 முதல் 10 லிட்டர், ஒரே மூச்சில். இரண்டாம் கோடை இரு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாவதில் நிறுத்திப் பார்க்கலாம். தினமும் ஐந்து நிமிடம் தெளிப்பான் ஓடவிட்டால் வேர் மேலேயே தங்கிவிடும். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பெர்த்தில் தெளிப்பானுக்குத் தடை. மழை இல்லாத வாரம் வந்தால் புதுக் கன்றுக்குக் கையால் ஊற்றிக்கொள்ளலாம். கடலோர போர் தண்ணீர் சில இடங்களில் உப்பேறியிருக்கும். அதை இலையில் படவிடாமல் மூடாக்குக்கு அடியில் சொட்டுக்குழாயில் விடுங்கள்.

இலை சொல்வதைப் படிப்பது

கருகிய இலை என்றதும் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றுவதுதான் வழக்கம். கருகல் எங்கே என்று பாருங்கள். கடல் பார்த்த பக்கத்தில் மட்டும் இலைநுனி பழுப்பானால் உப்பு. தென்மேற்குக் காற்று அடித்த மறுநாள் காலை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் குறையும். இளங்கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் இரும்புச்சத்துக் குறைவு, சுண்ணாம்பின் வேலை. அதற்கு இரும்புக் கீலேட் வாங்கும்போது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையா என்று பையில் பாருங்கள். மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை இந்த பிஎச்சில் பயன் தராமல் போய்விடும். முதிர்ந்த இலையின் ஓரம் கருகி, கூடவே கொழுந்தும் வெளிறினால், அதுவும் பேங்க்சியா, கிரெவில்லியாவில் என்றால், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுதியைச் சந்தேகியுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகள் கொத்து வேர் விட்டு மண்ணிலிருக்கும் கொஞ்ச மணிச்சத்தையும் உறிஞ்சப் பழகியவை; அதிகம் கிடைத்தால் நிறுத்தத் தெரியாது. ஒலேரியா, ராகோடியா, வெஸ்ட்ரிஞ்சியாவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எல்லா ஆஸ்திரேலியச் செடிக்கும் மணிச்சத்து விஷம் என்று சொல்வது மிகை.

நம் வீடுகளில் மணிச்சத்து மிகுதி நேரக் காரணம் கருவேப்பிலை. வேலியின் மறைவில் கருவேப்பிலை, முருங்கை, மல்லிகை எல்லாம் வரும். 2 மீட்டர் வேலி பின்னால் ஏழெட்டு மீட்டர் வரை காற்றைத் தணிக்கும். அவற்றுக்குக் கோழி எருவும் எலும்புத்தூளும் கைநிறையப் போடுவோம். மணலில் அது நிற்காமல் தண்ணீரோடு சரிவில் இறங்கும். கிரெவில்லியா மேட்டிலும் கருவேப்பிலை தாழ்விலும் இருக்கட்டும். நடுவே 2 மீட்டராவது ராகோடியாவுக்கு விடுங்கள், சொட்டுக்குழாயும் தனித்தனி. கிரெவில்லியாவுக்கு ஆண்டுக்கு ஒரு கை, அதுவும் மணிச்சத்து குறைந்த 'நேட்டிவ்' உரம், இலையுதிர் காலத்தில்.

வாங்கும்போது இரண்டு விஷயம். கிழக்கு மாநில நர்சரிகளிலிருந்து இணையத்தில் வரவழைக்க மேற்கு ஆஸ்திரேலியாவின் தாவரத் தனிமைச் சோதனை உண்டு. பல கடைகள் அனுப்புவதே இல்லை. கடற்கரை மேட்டிலிருந்து தண்டோ விதையோ எடுத்துவரவும் கூடாது, உரிமம் இல்லாமல் எடுப்பது சட்டப்படி குற்றம். ஒலேரியா, ஸ்கேவோலா, ராகோடியா போன்றவை சாதாரணத் தோட்டக் கடையில் அரிது. உள்ளூர்ச் செடி மட்டும் வளர்க்கும் நர்சரியில் கோடையிலேயே சொல்லி வைத்தால், மே மாதம் தட்டுத்தட்டாகக் கிடைக்கும்.