லெனோவோ எம்710க்யூ டைனி: ஆபீஸ் கழித்த பெட்டி, வீட்டுக்குச் சர்வர்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களில் ஏறக்குறைய எதையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆபீஸ்கள் கழித்துக்கட்டும் குட்டி கம்ப்யூட்டரான லெனோவோ திங்க்சென்டர் எம்710க்யூ டைனி செகண்ட்ஹேண்டில் வருவது அதனால்தான். லினக்ஸ் சர்வராக ஓட்ட இதற்கு ஒரு தடையும் இல்லை.

வாங்கும்போது முதலில் பிராசஸரைப் பாருங்கள். இதே மாடல் ஐ5-6500டி-யோடும் வரும், ஐ5-7500டி-யோடும் வரும். இரண்டும் 4 கோர், 35 வாட். வேகத்திலும் பெரிய வித்தியாசமில்லை. 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்று கடையில் சொன்னால் பாதி உண்மை. ஜெல்லிஃபினில் (சர்வரில் உள்ள படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்) படம் பார்ப்பதாக இருந்தால் 7500டி-தான் வேண்டும். 10 பிட் ஹெச்இவிசி என்ற சுருக்க முறையில் உள்ள வீடியோவை அதன் கிராபிக்ஸே சமாளித்துவிடும். 6500டி-யில் அந்தச் சுமை பிராசஸர் தலையில் விழுந்து ஃபேன் அலற ஆரம்பிக்கும்.

கடையிலேயே ஆன் செய்து எஃப்1 அழுத்திப் பாருங்கள். பயாஸ் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) பாஸ்வேர்ட் கேட்டால் வேறு பெட்டி கேளுங்கள். 20 வோல்ட், 65 வாட் அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்கள். செவ்வக முனை, சாதாரண உருளைப் பின் பொருந்தாது.

பின்னால் இருக்கும் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியை முன்பக்கம் தள்ளினால் திறந்துவிடும். 2.5 இன்ச் டிஸ்க் ஒன்று போடலாம், 7 மி.மீ. தடிமன் வரை. ரேமும் என்விஎம்இ எஸ்எஸ்டி-யும் அடிமூடிக்குள் இருக்கின்றன. லேப்டாப் டிடிஆர்4 ரேம் இரண்டு, மொத்தம் 32 ஜிபி வரை. சாம்பா (ஃபைல் பகிர), பை-ஹோல் (விளம்பரம் தடுக்க), ஜெல்லிஃபின் மட்டுமென்றால் 8 ஜிபி தாராளம். போட்டோக்களுக்கு இம்மிச் போடுவதென்றால் 16 வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டிஸ்க் போட்டு ரெய்டு செய்யும் (எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கும்) ஆசை இருந்தால் இந்தப் பெட்டி வேண்டாம்.

டெபியன் 13 லினக்ஸை நிறுவும்போது டெஸ்க்டாப் டிக்குகளை எடுத்துவிட்டு, வேறு கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் டிக் செய்தால் போதும். பயாஸில் 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்தபின் யாராவது பட்டனை அமுக்கும்வரை பெட்டி சும்மா கிடக்கும்.

இதில் பலரும் சிக்கிக்கொள்வது வெளியே செருகும் யூஎஸ்பி டிஸ்க்கில்தான். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் டிஸ்க்கை அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடி கொடுத்துச் சேர்த்து, கூடவே 'நோஃபெயில்' (nofail) போடுங்கள். அது இல்லாமல் கேபிள் கழன்றிருந்தால், பூட் ஆகும்போது 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். அங்கே எஸ்எஸ்ஹெச் ஓடாது. மானிட்டரையும் கீபோர்டையும் தேடி எடுத்து மாட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

சும்மா ஓடும்போது 10 வாட் என்று வைத்தால் மாதம் 7 யூனிட் சொச்சம். 50 வாட் இழுக்கும் பழைய டவர் என்றால் 36 யூனிட். வீட்டில் கிடக்கிற டவரே இருக்கட்டும் என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து சர்வருக்குள் வர போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரில் சர்வருக்கு வழி திறப்பது) செய்வதற்குமுன் ரவுட்டரின் வான் ஐபியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் சிஜிநாட், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள்; ஃபார்வர்டிங் வேலைக்காகாது. உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போட்டுக்கொள்ளுங்கள், ரவுட்டரில் ஒரு போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.