தங்க முலாம் என்று நம்பி 3,840 ரூபாய் கொடுத்தேன்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. பழைய ஸ்பீக்கர் பெட்டிகளின் பின்புறமிருந்த வயர் மாட்டும் பித்தளை டெர்மினல்களில் களிம்பு ஏறிவிட்டதே என்று, புதுச்சேரியில் ஆம்ப்ளிஃபயர் உதிரிப் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் எட்டு டெர்மினல்களும் வயர் முனையில் மாட்டி அவற்றில் செருகும் எட்டு பனானா பிளக்குகளும் வாங்கினேன். மொத்தம் 3,840 ரூபாய்.

உப்புக் காற்றுக்குத் தாங்குமா என்று நானேதான் கேட்டேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "கனத்தைப் பாருங்க சார், உள்ளே சுத்தச் செம்பு, மேலே 24 காரட் முலாம், கடல் காத்து ஒண்ணும் பண்ணாது" என்றார். கனமாகத்தான் இருந்தது. இரும்பும் கனக்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. சென்ற வாரம் இடப்பக்க ஸ்பீக்கர் கரகரத்தது. திருகைச் சற்றுத் திருப்பினால் பாட்டு வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால், மரையிடுக்கிலிருந்து செம்பழுப்புத் துரு விரலில் பொடியாக ஒட்டியது. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை அருகில் கொண்டுபோனேன். டெர்மினல் அதைக் கவ்விக்கொண்டு தொங்கியது. செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டா; முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருந்தால் லேசாக இழுபடலாம், இப்படித் தொங்காது. தங்கம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பேருக்குப் பூசிய மெல்லிய முலாமில் இருக்கும் நுண்துளைகள் வழியே உப்பு ஈரம் இறங்கிவிட்டால், தங்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு, தனியாகக் கிடக்கும் இரும்பைவிட வேகமாக அரிக்கப்படும்.

தொலைபேசியில் முதல் நாள் "முதலாளி வெளியூர்" என்றார்கள், மறுநாள் "பில் இருக்கா?" என்றார்கள். பில்லோடு பேருந்து ஏறிப் போய் நின்றபோது, கனம் பார்க்கச் சொன்ன அதே மனிதர், "கடலோரத்துல வீட்டை வச்சிக்கிட்டா நாங்க என்ன சார் பண்றது?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். பில்லில் ‘ஸ்பீக்கர் ஐட்டம், 3,840’ என்று மட்டுமே எழுதியிருந்தது. செம்பும் இல்லை, தங்கமும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். மின்சாரத்தைக் கடத்துவதில் தங்கம் செம்புக்குப் பின்தான். அதைப் பூசுவது களிம்பு ஏறாதிருக்கவே, ஓசை இனிக்க அல்ல. விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்திருந்தால் பழைய பித்தளையே போதுமாக இருந்திருக்கும். அதையோ காயலான் கடையில் நிறுத்துப் போட்டுவிட்டுத்தான் இந்த 3,840 ரூபாய்த் துருவை மாட்டினேன்.