பெனால்டி கார்னர் காப்புச் செட்: பள்ளிப் பையனுக்கு வாங்குமுன்

ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்பது தற்காப்பு அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு; கோல் கோட்டிலிருந்து பந்து தள்ளப்பட்டதும் தற்காப்பு ஆட்டக்காரர்கள் அடிப்பவரை நோக்கி ஓடித் தடுப்பார்கள். பதினாறு, பதினேழு வயதுத் தற்காப்பு ஆட்டக்காரரை மலேசிய ஹாக்கி லீக்கில் பெரியவர்களோடு இறக்கும் கிளப், ஜெர்சிக்கு முன்பே வாங்க வேண்டியது முகமூடி, கையுறை, முழங்கால் காப்பு. கோலாலம்பூர் கடைகளில் கிடைக்கும் செட்டுகள் பெரும்பாலும் காசுக்கு மோசமில்லை. தப்பு நடப்பது அளவில்.

முகமூடியை "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். பள்ளிச் சட்டைக்கு அந்தக் கணக்கு சரி. இங்கே பையன் குனிந்து ஓடும்போது மாஸ்க் மூக்கின்மேல் சரிந்து, மட்டை நுனியை மறைத்துவிடும். கடையிலேயே மாட்டிக் குனியச் சொல்லுங்கள், தலையை ஆட்டச் சொல்லுங்கள். நெற்றிப் பஞ்சு நகரக்கூடாது. பிளாஸ்டிக் மாஸ்க் நம் ஊர்ப் புழுக்கத்தில் உடனே ஆவி பிடிக்கும். பாத்திரச் சோப்பு ஒரு சொட்டை உள்ளே தடவி, கழுவாமல் துணியால் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். வார் எலாஸ்டிக்காக இருக்கட்டும், பக்கிள் வேண்டாம். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவர் தன் கோலுக்கு முன்னுள்ள 23 மீட்டர் பகுதியைத் தாண்டுமுன் மாஸ்க்கைக் கழற்றியாக வேண்டும். மட்டை ஒரு கையில் இருக்கும்.

கையுறையில் இடக்கையைப் பாருங்கள். மட்டையைத் தரையோடு படுக்கவைத்துத் தடுக்கும்போது உரசுவது இடக்கை விரல் முட்டிதான். அடிவயிற்றுக் காப்பு பல செட்டுகளில் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

முழங்கால் காப்பு நனைந்த திடலில் வழுக்கி இறங்கக்கூடாது. அது ஆட்ட விதியோடும் சம்பந்தப்பட்டது: கோலை நோக்கி அடிக்கும் முதல் அடி, அடிப்பவரிலிருந்து ஐந்து மீட்டருக்குள் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரரின் முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடி பெனால்டி கார்னர். சாதாரணமாக நிற்பவருக்கு முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், அடி ஆபத்தானது என்று தற்காப்பு அணிக்கு ஃபிரீ ஹிட்.

பெரும்பாலான செட்டுகள் மறைக்காத இடம் காதும் பின்மண்டையும். முதல் ரன்னர், அதாவது அடிப்பவரை மறிக்க முதலில் ஓடுகிறவர், கோலுக்கு முன்னுள்ள வட்டத்தின் உச்சியை, அதாவது கோலிலிருந்து 14.63 மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டை நோக்கிப் பாய்கிறார். எதிரே வருவது டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையோடு இழுத்து எறியும் அடி. முதல் அடி தட்டையான ஹிட்டாக இருந்தால் கோலின் அடிப்பலகையின் 460 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டி கோலுக்குள் போகக்கூடாது. ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. பயந்த பையன் கடைசி நொடியில் முகத்தைத் திருப்புவான், திருப்பினால் மாஸ்க் இல்லாத பக்கம்தான் பந்துக்கு எதிரே இருக்கும்.

அதனால் வாங்கிய மறுநாளே ஓடவிடாதீர்கள். முதலில் அடிப்பவர் இல்லாமல் ஓட்டம் மட்டும்: உடம்பு பந்தின் கோட்டுக்கு இடப்பக்கம், மட்டை வலப்பக்கம் தரையோடு. பிறகு டென்னிஸ் பந்தில் ஃபிளிக். கைப்பேசியில் படம் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இருபது ஓட்டத்தில் ஒருமுறை முகம் திரும்பினாலும் இந்த சீசன் அவன் இரண்டாவது ரன்னர்தான், பயிற்சியாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.