“கம்பெனி ஃபில்டர்தாங்க்ணா”: சேலத்தில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எஞ்சின் எண்ணெயை வடிகட்டும் ஆயில் ஃபில்டர் என்ற 185 ரூபாய் சாமானில் ஏமாந்ததை இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். அந்த 185 ரூபாய் என்னை ஏற்காடு மலைப்பாதையில், தூறலில், ஒரு கொண்டை ஊசி வளைவு ஓரமாக ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வீடு கோரிமேட்டில். வேலை ஏற்காட்டில், ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில். வாரத்துக்கு ஐந்து நாள் மலை ஏறி இறங்குகிறேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பாதி தூரம் இரண்டாவது கியர். இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்ற மறுபடியும் அதே இரண்டாவது கியர். சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். தினமும் அவ்வளவு ஏற வேண்டும் என்றால் எஞ்சின் பாடு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஆயில் விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் 7,500-லேயே மாற்றிவிடுவேன். வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். வாரண்டி எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

போன அக்டோபரில், காபிப் பழம் பறிக்கும் சீசன் தொடங்குவதற்கு முன்னால், வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டேன். கடைப் பெயர் போடப் போவதில்லை. ஆயிலை நானே வாங்கிக்கொண்டு போனேன், சீல் உடைக்காத கேனாக. போலி ஆயில் பற்றி அவ்வளவு கேள்விப்பட்டிருக்கிறோமே! கேனைத் திறப்பதைக்கூடப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபில்டரை மட்டும், “நீங்களே போட்டுடுங்க தம்பி, ஒரிஜினல்தான் வேணும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

“கம்பெனி ஃபில்டர்தாங்க்ணா, வேற நாங்க போடறதே இல்ல” என்றார். டப்பாவைத் தூரத்தில் பார்த்தேன். நிறம், சின்னம் எல்லாம் கார் கம்பெனி டப்பா மாதிரிதான் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் ஃபில்டர் 185, லேபர் 350 என்று எழுதிக் கொடுத்தார். சீட்டில் கடைப் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் சாவியைத் திருப்பியதும் முன்னாலிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது மாதிரி, மூன்று நான்கு நொடி. அப்புறம் அடங்கிவிடும். நாள் முழுக்க வராது, மறுநாள் காலையில்தான் மறுபடி. ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். “குளிர் காலம்ணா, எஞ்சின் அப்படித்தான் கேக்கும்” என்றார். சேலத்தில், அக்டோபரில், குளிராம்! அதையும் நம்பிவிட்டு வந்தேன் என்பதுதான் எனக்கே ஆறாத விஷயம்.

வண்டி நிற்கும் இடத்தில் தரையில் சொட்டுச் சொட்டாகக் கறை இருந்தது. மழைத் தண்ணீர், ஏசி தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஏறும்போது 14-வது வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பினேன், டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு எண்ணெய்க் குவளை விளக்கு மினுக்கியது. அடுத்த வளைவில் மறுபடியும். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டேன். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெய் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்கினால்தான் அது எரியும். பெட்ரோல் ரிசர்வ் விளக்கு மாதிரி நினைத்து “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஓட்டினால் பேரிங் போகும், எஞ்சின் பிரிக்க வேண்டி வரும்.

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. ஃபில்டரைச் சுற்றிக் கறுப்பாக வழிந்து, அதன்மேல் சாலைப் புழுதி அப்பியிருந்தது. கசிந்து கசிந்து மட்டம் குறைந்திருக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது மிச்ச எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சியிருக்கிறது.

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்தே வயதானவர். போன் செய்தேன். ஒரு பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, கேனில் ஆயிலோடு பைக்கில் இறங்கி வந்தார். ஊற்றி, மெதுவாக ஓட்டச் சொல்லி, பின்னாலேயே வந்தார்.

கடையில் ஃபில்டரைக் கழற்றிக் கையில் வாங்கியவர் என்னைப் பார்த்தார். “இத கையில புடிங்க சார்.” பிடித்தேன். லேசாக இருந்தது. கவிழ்த்தால் இரண்டு ஸ்பூன் எண்ணெய் வந்தது, அவ்வளவுதான்.

என் வண்டியில் ஃபில்டர் படுக்கைவசத்தில் இருக்கிறது. எஞ்சின் நின்றாலும் ஃபில்டருக்குள் எண்ணெய் தங்கியிருக்க வேண்டும். அதற்காகவே வாய்ப் பக்கத்துச் சின்னத் துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நான்-ரிட்டர்ன் வால்வு என்பார்கள். எண்ணெயை உள்ளே விடும், திரும்ப விடாது. அது சரியில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக எண்ணெய் எல்லாம் கீழே சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு, வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்பு முதலில் காலி ஃபில்டரை நிரப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் மேலே கேம் ஷாஃப்ட், அதை ஓட்டும் செயின் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போய்ச் சேரும். என் ‘குளிர் காலச்’ சத்தம் அந்த மூன்று நான்கு நொடிதான்.

“அறுத்துப் பாத்துரலாம்” என்றார். ஆக்ஸா பிளேடு எடுக்கப் போன பையனைத் தடுத்தார். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் எது எஞ்சினிலிருந்து வந்தது, எது பிளேடிலிருந்து வந்தது என்று தெரியாதாம். விளிம்பு மடிப்பை உளியால் சுற்றிலும் தட்டித் திறந்தார். ரப்பர் வளையம் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போய், ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. காகித மடிப்புகளை எண்ணினோம், 34. அதே வண்டிக்கான பழைய அசல் ஃபில்டர் ஒன்று அவர் குப்பைக் கூடையில் கிடந்தது. அதைத் திறந்து எண்ணினால் 50-ஐத் தாண்டியது. என்னுடையதில் மடிப்புகளை ஒட்டிய பசை இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளி வழியாக எண்ணெய் வடிபடாமலேயே போய் வந்திருக்கிறது.

பைபாஸ் வால்வின் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார், பேனா ஸ்பிரிங் மாதிரி அமுங்கியது. அந்த வால்வுக்கு ஒரு நல்ல வேலை உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, ஏற்காட்டு டிசம்பர் காலையில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, வடிகட்டாத எண்ணெயாவது எஞ்சினுக்குப் போகட்டும் என்று அது திறந்து விடும். பட்டினிக்குப் பழைய சோறு. ஆனால் ஸ்பிரிங் இவ்வளவு தளர்வாக இருந்தால் தேவையில்லாத நேரத்திலும் திறந்துகொள்ளும், ஃபில்டர் சும்மா பேருக்குத்தான் மாட்டியிருக்கும். கசிவுக்குக் காரணம் வெளி வாஷர். இரண்டே மாதத்தில் தட்டையாகிக் கல்லாகியிருந்தது.

“லோக்கல் ஃபில்டர் போட்டா இப்படித்தானே, இனிமே கம்பெனி டப்பாதான்” என்றேன். பெரியவர் சிரித்தார். “இது கம்பெனி டப்பால வந்ததுதானே சார்?”

உண்மைதான். நான் ஏமாந்தது மலிவு ஃபில்டரிடம் இல்லை, ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தையிடம். ஸ்பேர்ஸ் கடைகளில் இந்த வார்த்தைக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். கார் கம்பெனி தன் பெயர் போட்ட டப்பாவில் விற்பது ஒன்று. கார் கம்பெனிகள் பொதுவாக ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. ஃபில்டர் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் வாங்குகின்றன. அந்தத் தயாரிப்பாளர்களே தங்கள் பெயரில், தங்கள் டப்பாவில் வெளிச்சந்தையில் விற்பது இன்னொன்று. பாஷ், மாலே, மான் மாதிரிப் பெயர்கள். இதைத்தான் ஆஃப்டர்மார்க்கெட் என்கிறோம், கடைக்காரர் சிலர் இதையும் ‘ஓ.இ. ஐட்டம்’, அதாவது வண்டியோடு வரும் அசல் சாமான், என்பார்கள். மூன்றாவது, யார் செய்தார்கள் என்றே தெரியாத சரக்கை முதல் வகை டப்பாவில் போட்டு விற்பது. என் தலையில் கட்டியது அது.

முதல் இரண்டுக்கும் இடையில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது இப்போது என் கருத்து. வாரண்டியில் இருக்கும் வண்டிக்குக் கம்பெனி டப்பாவே போடுங்கள், நாளைக்குத் தகராறு வந்தால் பேச வசதி. வாரண்டி முடிந்த வண்டிக்குப் பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் ஃபில்டர் தாராளமாகப் போதும். ஒரே தயாரிப்பாளர் என்பதால் இரண்டு டப்பாவுக்குள்ளும் ஒரே சரக்குதான் இருக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம், உள் அமைப்பு மாறலாம். உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் அவர்கள் பட்டியலில் போட்டிருக்கும் எண்ணைத்தான் வாங்க வேண்டும். “இதுவும் சேரும்ணா” என்று கடையில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஃபில்டர் வாயில் இருக்கும் 20 மில்லிமீட்டர் திருகு மரையும் முக்கால் அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஒன்றுக்கு மற்றது இரண்டு சுற்று ஏறும், அப்புறம் என்ன ஆகும் என்பது மலைப்பாதையில்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை, பிரித்த ஃபில்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில், “மலையில யாரோ மாத்திக் குடுத்திருப்பாங்கண்ணா” என்றார். அலமாரியில் அதே டப்பா ஆறு இருந்தது. கீழே எடுத்து வரிசையாக வைத்தேன். ஆறிலும் ஒரே பேட்ச் எண். தயாரித்த மாதம், வருடம் எதிலும் இல்லை. வாடிக்கையாளர் குறைகளுக்கான தொலைபேசி எண் இல்லை. பொட்டலமிட்டு விற்கும் பொருளில் தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி.யோடு இவையும் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. அச்சில் ஒரு எழுத்துப் பிழை வேறு.

அதற்கப்புறம் ஆள் இறங்கி வந்தார். பைக்கில் லைனுக்கு வருகிற பையன் ஒருவன் 70 ரூபாய்க்குப் போடுகிறானாம். “எங்களுக்கும் தெரியாதுங்க்ணா” என்றார். இருக்கலாம், எம்.ஆர்.பி.யில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடைக்காரருக்கு சந்தேகம் வராது என்றால் நம்பத்தான் வேண்டும். பேசிப் பேசி 500 ரூபாய் கொடுத்தார். ஆயில், அரை நாள் சம்பளம் எல்லாம் சேர்த்தால் எனக்குப் போனது அதைவிட எவ்வளவோ அதிகம். வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ஆறு டப்பாவையும் துடைத்து அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். போகலாம்தான். 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் என் கையில் இருந்தது பெயரில்லாத துண்டுச் சீட்டு. டப்பாவையும் அன்றைக்கே அவர்கள் குப்பையில் போட்டுவிட்டார்கள். பில்லும் டப்பாவும் இருந்திருந்தால் இந்தப் பதிவின் கடைசிப் பகுதி வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்போது ஃபில்டரையும் நானே வாங்குகிறேன், ஜி.எஸ்.டி. பில் போடும் கடையில். கடையிலேயே டப்பாவைத் திறந்து, வாய்த் துளைகளுக்குள் ரப்பர் தெரிகிறதா, விரலால் அமுக்கினால் வளைந்து திரும்புகிறதா என்று பார்க்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மாட்டும்போது பக்கத்தில் நிற்கிறேன். பழைய வாஷர் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். இரண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தால் நல்ல ஃபில்டரும் கொட்டிவிடும். வாஷரில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் தடுத்துவிடுகிறேன். பழைய ஃபில்டரையும் டப்பாவையும் கேட்டு வாங்கி, டப்பாவின் மேல் கிலோமீட்டரை எழுதி வீட்டில் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரிக்கு இதில் பெரிய சந்தோஷம் இல்லை.

அடுத்த சர்வீஸுக்குப் பெரியவரிடமே விட்டேன். பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் ஃபில்டர், 120 ரூபாய். அவர் முன்பு மாட்டியதைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய் ததும்ப இருந்தது, அவர் கையெல்லாம் நனைந்துபோனது. காலைச் சத்தம் முன்பு போல் இல்லை, ஆனால் முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். செயினை ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் போலி ஃபில்டரின் தகரக் கூடு இன்னும் அவர் கடை மேசையில்தான் இருக்கிறது. நட்டு, வாஷர் போட்டு வைத்திருக்கிறார்.